உயில் இருக்கிறது, பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

ஒருவர் இறந்த பிறகு அவருடைய சொத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் எழும். அது யாருக்குச் சேரும்? சேர வேண்டியவர் அதை எப்படிக் கைக்குக் கொண்டுவருவார்? வீடு, நிலம், நகை, வங்கிப் பணம் என்று சொத்து இருந்த காலத்தில் இரண்டாவது கேள்வியை யாரும் தனியாகக் கேட்டதில்லை. வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். பூட்டியிருந்தால் பூட்டை உடைக்கலாம். வங்கியில் இறப்புச் சான்றிதழைக் காட்டினால், நாலு தடவை அலையவிட்டாவது பணத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

இப்போது இந்த இரண்டும் தனித்தனியாகிவிட்டன. உயிலில் பெயர் தெளிவாக இருக்கும், நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளும், ஆனால் ஆறு இலக்க எண் தெரியாததால் போன் திறக்காது. இன்னொரு பக்கம், எந்த உரிமையும் இல்லாத யாரோ ஒருவர் பாஸ்வேர்டு தெரிந்த ஒரே காரணத்தால் எல்லாவற்றையும் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். உரிமை ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம். கடந்த கால் நூற்றாண்டில் வந்த புதுச் சட்டங்களையும் புதுக் கருவிகளையும் இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் சில சொற்கள். 'எஸ்டேட் பிளானிங்' என்றதும் தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வந்தால் அது உங்கள் தவறில்லை. இங்கே எஸ்டேட் என்றால் ஒருவர் விட்டுச்செல்கிற மொத்தமும்: சொத்து, கடன், இரண்டும். அதை யாருக்கு, எப்போது, எந்த வழியில் என்று உயிரோடிருக்கும்போதே ஏற்பாடு செய்து வைப்பதுதான் திட்டமிடல். உயில் அதற்கான முக்கியமான ஆவணம். அதை நடைமுறைப்படுத்துபவர் நிறைவேற்றுநர். ஒரு கணக்கிலோ பாலிசியிலோ தனியாகப் பெயர் கொடுத்து வைக்கப்படுபவர் நாமினி. உங்கள் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம் பவர் ஆஃப் அட்டர்னி. நீங்கள் இறந்த நொடியில் அது செத்துவிடும். இந்தக் கடைசி வரியைத் தெரியாமல் "எனக்குத்தான் பவர் இருக்கிறதே" என்று இறந்தவரின் கணக்கிலிருந்து பணம் எடுத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

நாமினி பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லா நாட்டிலும் ஒரே மாதிரியான படிவம்தான், ஆனால் பொருள் வேறு வேறு. அமெரிக்காவில் வங்கிக் கணக்கில் பயனாளி என்று குறிக்கப்பட்டவருக்குப் பணம் சொந்தமாகவே போகும், உயிலில் வேறு பெயர் இருந்தாலும் சரி. இந்தியாவில் நிறுவனப் பங்குகளுக்கு நாமினியாக இருப்பவர் அவற்றின் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை, வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொன்னது. வெளிநாட்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு உள்ளூர்ப் படிவத்தை நிரப்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

காகிதமும் இரண்டு சாட்சிகளும்

உயில் எழுதும் முறை பல நாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உறைந்துபோன ஒன்று. இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டு உயில் சட்டம் இன்றும் அங்கே நடப்பில் இருக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். இந்தியாவின் 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமும் இரண்டு சாட்சிகளைத்தான் கேட்கிறது.

இதைப் பழைய சடங்கு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் உயில் மட்டும்தான், எழுதியவரைக் கூண்டில் ஏற்றி "இது நீங்கள் எழுதியதுதானா?" என்று கேட்கவே முடியாத ஆவணம். அது பேச ஆரம்பிக்கும்போது அவர் இருக்க மாட்டார். அதனால்தான் சாட்சிகள். அவர்கள் கையெழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. எழுதியவர் தெளிவாக இருந்தாரா, யாராவது பின்னால் நின்று மிரட்டினார்களா என்பதையும் பார்க்கிறார்கள். இரண்டு பேரைக் கூட்டிவைத்துப் பேனாவை எடுக்கும்போது எழுதுபவருக்கே ஒரு நிதானம் வருகிறது, அதுவும் கணக்கில் உண்டு. கணினியில் 'சரி' என்று தட்டும்போது அந்த நிதானம் வருவதில்லை. நாம் எத்தனை நிபந்தனைகளைப் படிக்காமலே ஏற்றுக்கொண்டிருக்கிறோம்!

ஆகவே மின் கையொப்பத்தை ஏற்றுக்கொண்ட சட்டங்களே உயிலை மட்டும் வெளியே நிறுத்தின. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசின் மின் கையொப்பச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் வந்தது. இரண்டிலும் உயிலுக்கு விலக்கு. கோடிக்கணக்கில் ஒப்பந்தம் போடலாம், உயில் எழுதக் கூடாது.

கதவை முதலில் திறந்தது அமெரிக்காவின் நெவாடா மாநிலம், 2001இல். அப்புறம் பல வருடங்கள் பெரிதாக யாரும் பின்தொடரவில்லை. 2019இல் அங்குள்ள சீர்சட்ட ஆணையம் எல்லா மாநிலங்களும் எடுத்துக்கொள்ளக்கூடிய மின்னுயில் மாதிரிச் சட்டம் ஒன்றை வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்த ஒரு நிபந்தனை உண்டு. உயில் எந்தக் கருவியில் இருந்தாலும், கையொப்பமிடும் நேரத்தில் அது எழுத்தாகப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதாவது கேமரா முன் உட்கார்ந்து "வீடு பெரியவனுக்கு" என்று பேசிப் பதிவு செய்தால் அது உயில் ஆகாது. வீடியோ துணை ஆதாரமாக உதவலாம், அவ்வளவுதான்.

பிறகு கொரோனா வந்தது. சாவைப் பற்றிய பயம் கூடியது, சாட்சிகள் ஒரே அறையில் கூடவும் முடியவில்லை. இங்கிலாந்தும் வேல்சும் வீடியோ அழைப்பில் சாட்சி பார்க்கலாம் என்று 2020 செப்டம்பரில் அனுமதித்தன. ஆனால் மின் கையொப்பத்தை அப்போதும் ஏற்கவில்லை. எழுதியவர் திரையில் கையெழுத்திடுவதைச் சாட்சிகள் பார்ப்பார்கள். பிறகு அதே காகிதம் அவர்களிடம் போய்ச் சேரும். அவர்கள் கையெழுத்திடுவதை மறுபடியும் வீடியோவில் இவர் பார்க்க வேண்டும். புதுமையும் பயமும் கலந்த அந்த ஏற்பாடு 2024 ஜனவரி 31உடன் முடிவுக்கு வந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலமோ ஒரேயடியாகத் தாண்டி, 2021 டிசம்பர் முதல் மின்னுயிலை முழுதாகவே ஏற்றுக்கொண்டது.

அனுப்பப்படாத ஒரு குறுஞ்செய்தி

சட்டம் சொன்ன முறையில் எழுதாத உயில்களின் கதி என்ன? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் முறைப்படி இல்லாத ஆவணத்தையும், அது உயில் என்ற எண்ணத்தோடுதான் எழுதப்பட்டது என்று நிரூபித்தால், நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள முடியும். 2013இல் ஐபோனின் குறிப்புச் செயலியில் ஒருவர் தட்டி வைத்திருந்ததை அங்கே உயிலாக ஏற்றார்கள். 2017இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இறந்தவரின் போனில் சகோதரருக்கு எழுதி அனுப்பாமல் விடப்பட்ட ஒரு செய்தி. யாருக்கு என்ன, பணம் எங்கே இருக்கிறது, அட்டையின் பின் எண் என்ன என்றெல்லாம் இருந்தது. கடைசியில் 'என் உயில்' என்ற சொல்லும் ஒரு சிரிப்புக் குறியும். அனுப்பவில்லையே, ஆகவே அவர் முடிவு செய்திருக்கவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் அதை உயில் என்றது.

இதைச் சொன்னவுடன் "அப்படியானால் போனிலேயே எழுதி வைத்துவிடலாமே" என்று சிலர் நினைப்பதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அந்தக் குடும்பம் ஒரு செய்திக்காக நீதிமன்றப் படி ஏறி, துக்கத்தின் நடுவில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றது. காகிதமும் இரண்டு சாட்சிகளும் இருந்திருந்தால் அந்த வழக்கே இருந்திருக்காது. தவிர, எல்லா நாட்டு நீதிமன்றங்களுக்கும் இப்படிப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் கிடையாது.

கணக்குக்கு வாரிசு உண்டா?

இதுவரை பார்த்தது உயில் எந்த வடிவில் இருக்கலாம் என்பது. இனி அதைவிடச் சிக்கலான பகுதி: உயிலுக்குள் எதையெல்லாம் எழுத முடியும்?

2004இல் இராக்கில் ஓர் இளம் அமெரிக்கப் படைவீரர் இறந்தார். அவருடைய யாகூ மின்னஞ்சல்களைத் தந்தை கேட்டார். ஆள் இறந்தால் கணக்கும் முடிந்தது என்பது தங்கள் நிபந்தனை என்றது நிறுவனம். 2005இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மின்னஞ்சல்களைக் குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்தார்கள். கடிதக் கட்டாக இருந்திருந்தால் பெட்டியோடு வீட்டுக்கு வந்திருக்கும் ஒன்றுக்கு நீதிமன்றம் தேவைப்பட்டது.

ஜெர்மனியின் வழக்கு இதைவிடக் கனமானது. 2012இல் பெர்லினில் சுரங்க ரயில் மோதி 15 வயதுச் சிறுமி இறந்தாள். அது விபத்தா, தற்கொலையா என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. அவளுடைய ஃபேஸ்புக் செய்திகளைப் பார்த்தால் விடை கிடைக்கும் என்று நினைத்தார்கள். தாயிடம் பாஸ்வேர்டு இருந்தது. ஆனாலும் உள்ளே போக முடியவில்லை. அதற்குள் கணக்கு, இறந்தவர்களுக்கான நினைவுப் பக்கமாக மாற்றப்பட்டு உறைந்துவிட்டது. ஆறு வருடம் கழித்து, 2018 ஜூலையில் நாட்டின் உச்ச சிவில் நீதிமன்றம் சொன்னது: நாட்குறிப்பும் கடிதங்களும் வாரிசுக்குப் போகின்றன, கணக்கு ஒப்பந்தமும் அப்படியே போகும். நிறுவனம் 14,000 பக்கங்களுக்கு மேலுள்ள ஒரு பிடிஎஃப் கோப்பை ஒரு பென் டிரைவில் கொடுத்தது. அது போதாது, அவள் பார்த்த மாதிரியே பெற்றோரும் கணக்குக்குள் போய்ப் பார்க்க முடிய வேண்டும் என்று 2020இல் மறுபடியும் உத்தரவு வந்தது.

பெற்றோர் பக்கம் மனம் சாய்வது இயல்பு. ஆனால் அந்தச் செய்திகளின் மறுமுனையில் இருந்த தோழிகளையும் நினைக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் அவளுக்குத்தான் எழுதினார்கள், அவளுடைய அப்பாவுக்கு இல்லை.

அமெரிக்கா இந்தச் சங்கடத்தை வேறு விதமாகக் கையாண்டது. அங்கே 1986ஆம் ஆண்டின் ஒரு மத்தியச் சட்டம் மின்தொடர்புகளின் உள்ளடக்கத்தை மற்றவருக்குக் கொடுப்பதைத் தடுக்கிறது. அதை மீறாமல் வாரிசுகளுக்கு வழி செய்ய 2015இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதப்பட்டது; ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் அதை ஏற்றுக்கொண்டன. இறந்தவர் யாருக்கெல்லாம் எப்போதெல்லாம் எழுதினார் என்ற பட்டியலை நிறைவேற்றுநர் பெறலாம். உள்ளே என்ன எழுதினார் என்பதைப் பார்க்க, இறந்தவரே முன்கூட்டிச் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைத் தேடுவதற்கு ஒரு வரிசையும் உண்டு. முதலில், அந்தச் சேவைக்குள்ளேயே உள்ள அமைப்பில் அவர் என்ன தேர்ந்தெடுத்தார் என்று பார்க்க வேண்டும். அங்கே எதுவும் இல்லாவிட்டால் உயில். அதிலும் இல்லாவிட்டால் நிறுவனத்தின் நிபந்தனைகள்.

அந்த வரிசையை மறுபடி ஒரு தடவை படியுங்கள். வக்கீல் வைத்து, சாட்சிகளைக் கூட்டி எழுதிய உயிலைவிட, என்றோ ஓர் இரவு போனில் தட்டிவிட்ட ஒரு தேர்வு மேலே நிற்கிறது. பிரிந்துபோன துணைவரின் பெயர் அங்கே இன்னமும் இருக்கலாம்.

ஐரோப்பாவில் இன்னொரு விநோதம். தனிமனிதத் தரவுகளைக் காக்கும் புகழ்பெற்ற பொதுச் சட்டமான ஜிடிபிஆர், இறந்தவர்களுக்குப் பொருந்தாது. அதை ஒவ்வொரு நாடும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. பிரான்ஸ் 2016லேயே, தன் தரவுகளை இறப்புக்குப் பின் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் கட்டளை விட்டுச்செல்ல வழி செய்திருந்தது. ஸ்பெயின் 2018இல் ஒரு சட்டப் பிரிவு கொண்டுவந்தது.

ஒரு நாட்டில் பிறந்து இன்னொரு நாட்டில் வாழ்பவர்களுக்கு: 2015 ஆகஸ்ட் 17 முதல், பெரும்பாலான ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், ஒருவர் கடைசியாக வழக்கமாக வசித்த நாட்டின் சட்டமே அவருடைய வாரிசுரிமையைத் தீர்மானிக்கும். விருப்பமிருந்தால் தன் குடியுரிமை நாட்டின் சட்டமே பொருந்தட்டும் என்று உயிலில் எழுதலாம். டென்மார்க்கும் அயர்லாந்தும் இதில் சேரவில்லை.

போனுக்குள் இருக்கும் அமைப்புகள்

கூகுள் 2013இல் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை ஒரு காலத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அவ்வளவு காலம் கணக்கில் நடமாட்டம் இல்லையென்றால், நீங்கள் குறித்துவைத்த பத்துப் பேர் வரை தகவல் போகும். யாருக்கு எதைப் பார்க்க அனுமதி என்பதும் உங்கள் முடிவு. இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை அந்த நிறுவனம் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. குடும்பம் துக்கத்திலிருந்து மீண்டு புகைப்படங்களைத் தேடும்போது அவை இல்லாமல் போகலாம்.

ஆப்பிளில் 2021 டிசம்பரில் வந்த அமைப்பில் ஐந்து பேர் வரை குறிக்கலாம். அவர்களுக்கு ஒரு அணுகல் சாவி உருவாகும். இறப்புச் சான்றிதழோடு அதைக் காட்டினால் புகைப்படம், குறிப்பு, கோப்புகள் கிடைக்கும். சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளும் வாங்கிய படங்களும் பாடல்களும் கிடைக்காது. ஃபேஸ்புக்கில் 2015 முதல் ஒருவரைக் குறிக்கலாம். அவர் நினைவுப் பக்கத்தைப் பராமரிப்பார், ஆனால் செய்திகளைப் படிக்க முடியாது. மூன்றும் இலவசம், மூன்றையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். நானே பல மாதம் தள்ளிப்போட்டுத்தான் செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பணம் கொடுத்து வாங்கிய மின்னூல், விளையாட்டு போன்றவை பெரும்பாலும் உங்கள் சொத்தே இல்லை. பயன்படுத்தும் உரிமம் மட்டும்தான் வாங்கியிருக்கிறீர்கள். அது உங்களோடு முடிந்துவிடும்.

சாவியே சொத்தாக இருந்தால்

பிட்காயின் போன்ற மின்னணு நாணயங்களான கிரிப்டோவில் உரிமைக்கும் சாவிக்கும் நடுவே உள்ள பள்ளம் முழுதாகத் தெரியும். பிட்காயினைப் பரிமாற்ற நிறுவனத்தில் விட்டுவைத்திருந்தால் கதை ஏறக்குறைய வங்கிபோலத்தான். சான்றிதழ் காட்டிக் கேட்க ஓர் ஆள் உண்டு. சொந்த வாலட்டில், அதாவது சாவியை நீங்களே வைத்துக்கொள்ளும் செயலியிலோ கருவியிலோ வைத்திருந்தால் கேட்க ஆளே இல்லை. பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு சொற்கள் கொண்ட ஒரு மீட்புத் தொடர்தான் சாவி. அது தொலைந்தால் எந்த நீதிமன்ற உத்தரவாலும் பணத்தை நகர்த்த முடியாது. இங்கிலாந்தில் 2025 டிசம்பரில் வந்த ஒரு சட்டம், இத்தகைய டிஜிட்டல் உடைமைகளும் தனிச் சொத்து வகையாக இருக்க முடியும் என்று உறுதிப்படுத்தியது. நல்லதுதான். உரிமைப் பக்கம் உறுதியாகிவிட்டது. சாவி இன்னமும் உங்கள் பொறுப்புதான்.

சரி, அந்தச் சொற்களை உயிலிலேயே எழுதிவிட்டால்? கூடவே கூடாது. இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் நீதிமன்றம் ஏற்ற உயிலை யார் வேண்டுமானாலும் நகல் வாங்கிப் படிக்கலாம். வீட்டுச் சாவியை வாசற்கதவில் ஆணியடித்துத் தொங்கவிடுவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. உயிலில் 'என் டிஜிட்டல் சொத்துகள் இன்னாருக்கு, அவற்றைக் கையாள நிறைவேற்றுநருக்கு அதிகாரம் உண்டு' என்று மட்டும் இருக்கட்டும். சாவி வேறு இடத்தில்.

அந்த வேறு இடம் எது என்பதில்தான் எல்லாரும் திணறுகிறார்கள். ஒருவரிடமே கொடுத்தால் அவர் இன்றே எடுத்துவிடலாம். யாரிடமும் கொடுக்காவிட்டால் உங்களோடு போய்விடும். இதற்கு அழகான ஒரு கணக்கு விடை உண்டு. அடி ஷமீர் என்ற கணிதவியலாளர் 1979இல் ஒரு முறையைச் சொன்னார். ரகசியத்தை மூன்று பங்காக மாற்றலாம். எந்த இரண்டு பங்கு சேர்ந்தாலும் முழு ரகசியம் கிடைக்கும், ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. மகள், நண்பர், வக்கீல் மூவரிடமும் ஒவ்வொன்று. ஒருவர் ஏமாற்ற நினைத்தாலும் முடியாது, ஒருவர் தொலைத்துவிட்டாலும் குடி முழுகாது. இருபத்துநான்கு சொல்லை எட்டு எட்டாகக் கிழித்துக் கொடுப்பது இதுவல்ல, அது ஆபத்து. முறையான மென்பொருள் வேண்டும்.

கொஞ்சமாகத்தான் கிரிப்டோ வைத்திருக்கிறீர்கள் என்றால் இவ்வளவு தேவையில்லை. உறையில் போட்டு முத்திரையிட்டு வங்கிப் பெட்டகத்தில் வைத்தால் போதும்.

இணையத்தில் உயில் எழுதித்தரும் சேவைகளும், கேட்டால் நொடியில் எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவும் இப்போது ஏராளம். ஒரு வீடு, ஒரு துணைவர், இரண்டு குழந்தைகள் என்றால் அவை பரவாயில்லை. ஆனால் வக்கீல் கேட்கும் கேள்விகளை அவை பெரும்பாலும் கேட்பதில்லை. "முதல் திருமணத்தில் பிள்ளை உண்டா?" "உங்களுக்கு முன்பே மகன் இறந்துவிட்டால் அவன் பங்கு யாருக்கு?" "கூட வந்திருப்பவர் கொஞ்சம் வெளியே இருக்கட்டுமா?" இந்தக் கடைசிக் கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. எந்த நாட்டுச் சட்டத்தின்படி எழுதித் தருகிறது என்பதைப் பார்க்காமல் அச்சடித்துக் கையெழுத்திடுவதும் விபரீதமே. நீங்கள் இறந்தால் தானாக மின்னஞ்சல் அனுப்பும் சேவைகளும் உண்டு. அந்த நிறுவனம் உங்களுக்கு முன்பே மூடப்படாது என்பதற்கு யார் உத்தரவாதம்?

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரு பட்டியல். பாஸ்வேர்டு ஒன்றும் எழுத வேண்டாம். எந்த வங்கி, எந்தக் காப்பீடு, எந்த மின்னஞ்சல், மாதாமாதம் தானாகப் பணம் பிடித்துக்கொள்ளும் சந்தாக்கள் எவை, பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் செயலியான பாஸ்வேர்டு மேலாளர் எது, அதைத் திறக்கும் வழி யாருக்குத் தெரியும். இது இருந்தாலே நிறைவேற்றுநரின் வேலை பாதியாகக் குறையும். உயிலை மாற்ற ஒவ்வொரு தடவையும் சாட்சிகள் வேண்டும். இந்தத் தாளை நினைத்தபோது கிழித்துவிட்டு வேறு எழுதலாம். மேலே தேதி மட்டும் போடுங்கள், எது புதிது என்று தெரிய வேண்டும்.

அந்தத் தாளில் குடும்பத்துக்கு ஒரு குறிப்பும் இருக்கட்டும். ஒருவர் இறந்தவுடன் செலவைக் குறைக்கலாம் என்று பலர் முதலில் துண்டிப்பது அவருடைய போன் இணைப்பைத்தான். மின்னஞ்சலை மீட்பதற்கான ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அந்த எண்ணை விட்டுவிட்டால் கொஞ்ச காலத்தில் அது வேறொருவருக்குப் போய்விடும். அந்த ஓடிபியைப் பயன்படுத்தி இறந்தவர் பெயரில் வங்கிக்குள் நுழையக் கூடாது, பல நாடுகளில் அது குற்றம். வங்கிக்கு இறப்பைத் தெரிவித்து முறைப்படிதான் கேட்க வேண்டும். ஆனால் எல்லாக் கணக்குகளும் முடியும்வரை சிம் உயிரோடு இருக்கட்டும்.